கணிப்பொறிக்கு வந்த போலி வைத்தியன்

“அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்” என்பது நம் நாட்டுப் பழமொழி. பேய் உண்டோ இல்லையோ, அரண்டவனிடம் காசு பறிப்பவன் எக்காலத்திலும் உண்டு. முன்பு அவன் சந்தையிலே கடை விரித்து, நாடி பிடித்துப் பார்த்து, இல்லாத நோய்க்கு லேகியம் விற்றான். இன்றோ அவன் நம் வீட்டுக் கூடத்திற்கே வந்து, கணிப்பொறித் திரையின் மூலையில் அமர்ந்துகொண்டு, “உன் கணிப்பொறிக்கு வியாதி! உடனே பணம் கட்டு!” என்று கூவுகின்றான். அவன் எங்கள் வீட்டிற்குள் வந்த விதத்தையும், நாங்கள் அவனை விரட்டிய விதத்தையும் என் அன்புத் தோழியருக்கும், அவர்களுடைய பெற்றோர்களுக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் வீட்டில் நடந்தது

என் தந்தை லாரி ஓட்டுநர். மாதத்தில் இரண்டு மூன்று முறைதான் வீட்டிற்கு வருவார். தாயார் வீட்டிலிருந்தபடியே தையல் வேலை செய்கின்றார். நான் பதினோராம் வகுப்பில் கணிப்பொறிப் பாடம் எடுத்தபோது, தெரிந்தவர் ஒருவரிடமிருந்து பழைய கணிப்பொறி ஒன்றை வாங்கித் தந்தார்கள். எங்கள் குடும்பத்திற்கு அது பெரிய செலவு. ஆகவே அதற்கு ஒரு துணியுறை தைத்து, தூசு படாமல் காத்தார் அம்மா.

ஒரு நாள் மாலை, திரையின் வலது கீழ் மூலையில் சிறிய பெட்டி ஒன்று ‘டிங்’ என்ற ஒலியுடன் எழும்பியது. சிவப்பு நிறத்தில் ஒரு கேடயப் படம். “உங்கள் கணிப்பொறியில் 5 வைரஸ்கள் உள்ளன. உங்கள் பாதுகாப்பு முடிந்துவிட்டது. உடனே புதுப்பிக்கவும்” என்ற பொருள்பட ஆங்கில வாசகம். எல்லோரும் அறிந்த ஒரு நிறுவனத்தின் சின்னம் வேறு! மூடினேன். இரண்டு நிமிடத்தில் மறுபடியும் வந்தது. மூட மூட வந்துகொண்டே இருந்தது. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த ஆச்சி, “அதுக்கு என்னமோ சீக்கு வந்திருக்கு, காசைப் பார்க்காம வைத்தியம் பண்ணுங்க” என்றார்.

அடுத்த நாள் நான் பள்ளியில் இருந்தபோது அந்தப் பெட்டி மீண்டும் வந்திருக்கின்றது. வங்கிக் கணக்கு விவரமெல்லாம் திருடு போய்விடும் என்று அது அச்சுறுத்தவே, அம்மா அதைத் தொட்டுவிட்டார். திறந்த பக்கத்தில் வங்கி அட்டையின் எண்ணைக் கேட்டார்கள், கொடுத்தார். கைப்பேசிக்கு வந்த இரகசிய எண்ணைக் கேட்டார்கள், அதையும் கொடுத்தார். 2,400 ரூபாய் போயிற்று. ரவிக்கை தைத்துத் தைத்துச் சேர்த்த பணம்! பெட்டி நின்றதா? இல்லை. அன்று மாலையே மறுபடியும் ‘டிங்’!

அம்மா இதை அப்பாவிடம் சொல்லவில்லை. வெட்கம். நானும் ஒன்றை மறைத்தேன். அதற்குச் சில நாட்களுக்கு முன்பு, பழைய வினாத்தாள்கள் இலவசமாகக் கிடைக்குமென்று தேடி, முன்பின் தெரியாத ஒரு பக்கத்திற்குள் நான் நுழைந்திருந்தேன். “கண்டதையெல்லாம் திறந்தது நீதானே?” என்று ஏசுவார்களோ என்ற பயம். இவ்வாறு ஒரே வீட்டில் இருவர் வாய்மூடி இருந்தோம். நாங்கள் மூடியிருந்த மூன்று வாரமும் அந்தப் பெட்டி மட்டும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது.

சிஸ்டர் கேட்ட கேள்வி

முடிவில் பொறுக்க முடியாமல், எங்களுக்குக் கணிப்பொறிப் பாடம் நடத்தும் சிஸ்டரிடம் சென்று அழாத குறையாக எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் ஏசவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: “அந்தப் பெட்டியில் பெரிய எழுத்தைப் படித்தாய். அதிலுள்ள சின்ன எழுத்தைப் படித்தாயா?”

நான் படித்திருக்கவில்லை. அன்று மாலை வீட்டிற்குச் சென்று பெட்டிக்காகக் காத்திருந்தேன். வந்தது. கூர்ந்து பார்த்தேன். நாங்கள் இணையம் பார்ப்பதற்குப் பயன்படுத்தும் பிரௌசரின் பெயரும், அதனருகில் வாயில் நுழையாத ஓர் இணையப் பக்கத்தின் முகவரியும் மங்கிய எழுத்தில் இருந்தன. சின்னத்திற்குரிய நிறுவனத்தின் முகவரி அதில் இல்லவே இல்லை!

மறுநாள் சிஸ்டர் விளக்கினார்கள். “அது உன் கணிப்பொறியைச் சோதித்துப் பார்த்துச் சொல்லவில்லை. சோதிக்க அதற்கு வழியே இல்லை. எவனோ எழுதி அனுப்பும் விளம்பரச் சீட்டு அது. உன் வீட்டுக் கதவில் சீட்டு ஒட்ட நீயேதான் அவனுக்கு அனுமதி கொடுத்திருக்கிறாய்.”

அனுமதி கொடுத்தது எப்படி?

2015-ஆம் ஆண்டு முதல் பிரௌசர்களில் ஒரு வசதி வந்தது. நாம் விரும்பும் இணையப் பக்கம், நாம் அதைத் திறந்து வைத்திராத நேரத்திலும் நமக்குச் செய்தி அனுப்பலாம். செய்தித்தாள், வானிலை அறிக்கை, மின்னஞ்சல் போன்றவற்றிற்கு இது பயனுள்ளதே. ஆனால் நம்மைக் கேட்காமல் எந்தப் பக்கமும் இவ்வாறு அனுப்ப இயலாது. “இப்பக்கம் உங்களுக்கு அறிவிப்புகள் அனுப்ப விரும்புகிறது” என்று பிரௌசர் கேட்கும். ‘அல்லோ’ என்றால் அனுமதி. ‘பிளாக்’ என்றால் மறுப்பு.

போலி வைத்தியன் இந்த இடத்தில்தான் தன் தந்திரத்தைக் காட்டுகின்றான். “நீங்கள் இயந்திரம் அல்ல, மனிதர்தான் என்று உறுதி செய்ய ‘அல்லோ’ என்பதை அழுத்துங்கள்” என்று எழுதி வைக்கின்றான். சில இடங்களில், “படத்தைக் காண அழுத்துங்கள்”, “கோப்பைப் பெற அழுத்துங்கள்” என்று எழுதியிருக்கும். வினாத்தாள் கிடைக்கும் அவசரத்தில் நான் அழுத்தியதும் அதுவே! அந்த நொடியில் அவனுக்கு எங்கள் வீட்டுக் கதவு திறந்துவிட்டது. வைரஸ் எதுவும் நுழையவில்லை. நுழைந்தது ஒரு பொய்யனின் குரல் மட்டுமே.

பழைய தொழில், புதிய வேடம்

இத்தொழில் நேற்றுத் தோன்றியதன்று. 2008-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்க அரசின் பெடரல் டிரேட் கமிஷன் ஒரு பெரும் கூட்டத்தின்மீது வழக்குத் தொடுத்தது. வின்பிக்ஸர், வின்ஆன்டிவைரஸ், டிரைவ்கிளீனர், எரர்சேப், எக்ஸ்பி ஆன்டிவைரஸ் என்ற பெயர்களில் அக்கூட்டத்தார் மென்பொருள் விற்று வந்தனர். விளம்பரத்தின் வழியே நுழைந்து, கணிப்பொறியைச் சோதிப்பதுபோல் ஒரு நாடகம் நடத்தி, இல்லாத வைரஸ்களை இருப்பதாகக் காட்டிப் பணம் பறித்தனர் என்பது குற்றச்சாட்டு. ஏமாந்தவர்கள் பத்து லட்சத்திற்கும் மேற்பட்டோர் என்று ஆணையம் கூறியது. 2012-இல் நீதிமன்றம் 16 கோடி டாலருக்கும் அதிகமான தொகையைக் கட்டுமாறு தீர்ப்பளித்தது.

அத்துடன் தீர்ந்ததா? இல்லை. 2024 மார்ச்சில் ரெஸ்டோரோ, ரீஇமேஜ் என்னும் இரு நிறுவனங்கள், விண்டோஸின் எச்சரிக்கைபோல் தோன்றும் போலி அறிவிப்புகளால் மக்களை அச்சுறுத்திப் பழுதுபார்க்கும் சேவை விற்றதாக அதே ஆணையம் குற்றம் சாட்டியது. அவை 2 கோடியே 60 லட்சம் டாலர் செலுத்த உடன்பட்டன.

நம் நாடும் இதற்கு விலக்கன்று. கணிப்பொறி நிறுவனத்தின் உதவியாளர்போல் நடித்து வெளிநாட்டவரை ஏமாற்றிய தொலைபேசி நிலையங்களை மையமாகக் கொண்டு, 2023 அக்டோபரில் மத்தியப் புலனாய்வுத் துறையினர் இந்தியாவின் பல மாநிலங்களில் சோதனை நடத்தினர். எங்கோ ஒரு நாட்டில் தனியாக வாழும் ஒரு முதியவளை அச்சுறுத்திய குரல், நம்மைப்போல் படித்த ஓர் இளைஞனின் குரலாக இருந்திருக்கக்கூடும் என்று நினைக்கையில் மனம் கனக்கின்றது. கல்வி என்பது எதற்கு என்ற கேள்வி அங்கே எழுகின்றதன்றோ?

விரட்டும் முறை

இனி, போலி வைத்தியனை விரட்டும் முறையைப் படிப்படியாகக் காண்போம். ஒன்றில் தீராவிடில் அடுத்ததற்குச் செல்லுங்கள்.

முதற்படி: தொடாதீர்கள். பெட்டிக்குள் இருக்கும் ‘புதுப்பி’, ‘சோதி’, ‘சரிசெய்’ எதையும் அழுத்தவேண்டாம். அதில் தொலைபேசி எண் இருப்பின் அழைக்கவேண்டாம். விண்டோஸைத் தயாரிக்கும் மைக்ரோசாப்ட் நிறுவனம், தன்னுடைய எச்சரிக்கைச் செய்திகளில் தொலைபேசி எண்ணே இராது என்று அறிவித்துள்ளது. எண் இருந்தால் அது போலி, ஐயமே வேண்டாம்.

இரண்டாம் படி: அனுமதியைத் திரும்பப் பெறுங்கள். எங்கள் வீட்டில் நோய் தீர்ந்தது இப்படியில்தான். குரோம் பிரௌசரில் வலது மேல் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி ‘செட்டிங்ஸ்’ செல்லுங்கள். அங்கே ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’, அதனுள் ‘சைட் செட்டிங்ஸ்’, அதனுள் ‘நோட்டிபிகேஷன்ஸ்’. அறிவிப்பு அனுப்ப அனுமதி பெற்ற பக்கங்களின் பட்டியல் அங்கே இருக்கும். எங்கள் கணிப்பொறியில் ஒன்பது முகவரிகள் இருந்தன! அவற்றில் நான் அறிந்தது ஒன்றே ஒன்று. அறியாத ஒவ்வொன்றிற்கும் எதிரேயுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, ‘பிளாக்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். வெறுமனே நீக்கினால் அப்பக்கம் மறுபடியும் வந்து அனுமதி கேட்கலாம். ‘பிளாக்’ செய்தால் கேட்கவும் இயலாது. எட்ஜ், பயர்பாக்ஸ் ஆகிய பிரௌசர்களிலும் செட்டிங்ஸ் பகுதியில் இதேபோன்ற பட்டியல் உண்டு. கைப்பேசியில் இத்தகைய பெட்டி வந்தாலும், அதிலுள்ள பிரௌசரின் செட்டிங்ஸிலே இப்பட்டியலைத் தேடுங்கள்.

மூன்றாம் படி: திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு, பெருங்கூச்சலுடன் ஒரு பக்கம் நின்றுவிட்டால் கலங்காதீர்கள். கணிப்பொறி பூட்டப்பட்டதுபோல் தோன்றும், பூட்டப்படவில்லை. விசைப்பலகையின் இடது மேல் மூலையிலுள்ள ‘எஸ்கேப்’ விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள். முழுத்திரை விலகும், பின் பக்கத்தை மூடுங்கள். விலகாவிடில் ‘கண்ட்ரோல்’, ‘ஷிப்ட்’, ‘எஸ்கேப்’ மூன்றையும் ஒருசேர அழுத்தினால் ‘டாஸ்க் மேனேஜர்’ திறக்கும். அதில் பிரௌசரின் பெயரைத் தேர்ந்து ‘எண்ட் டாஸ்க்’ கொடுங்கள். மறுபடி பிரௌசரைத் திறக்கும்போது, “முன்பு திறந்திருந்த பக்கங்களை மீட்கவா?” என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். மீட்டால், விரட்டிய ஆளை நாமே கூப்பிட்டதாகிவிடும்!

நான்காம் படி: இத்தனைக்கும் பிறகு பெட்டி வந்தால், நாம் அறியாமல் ஏதேனும் ஒட்டிக்கொண்டதா என்று பார்க்கவேண்டும். பிரௌசரில் ‘எக்ஸ்டென்ஷன்ஸ்’ எனப்படும் துணை நிரல்களின் பட்டியல் உண்டு. நீங்கள் சேர்க்காதவற்றை நீக்குங்கள். பிறகு விண்டோஸின் ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘ஆப்ஸ்’ என்பதைத் திறந்து, நிறுவிய தேதிப்படி வரிசைப்படுத்துங்கள். தொல்லை தொடங்கிய நாளையொட்டி வந்த, பெயர் தெரியாத மென்பொருள் இருக்கின்றதா? ஐயமாக இருந்தால் நீக்குமுன் விவரம் அறிந்தவரிடம் கேளுங்கள். கணிப்பொறிக்கு வேண்டியதையே நீக்கிவிடக் கூடாதல்லவா?

ஐந்தாம் படி: உண்மையான வைத்தியரிடம் காட்டுங்கள். அவர் வீட்டிலேயே இருக்கின்றார்! விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் மைக்ரோசாப்ட் டிபெண்டர் என்ற வைரஸ் தடுப்பு மென்பொருள் உடன் இணைந்தே வருகின்றது. தனிக் கட்டணம் கிடையாது. ‘ஸ்டார்ட்’ பட்டியலில் ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ என்பதை நீங்களாகவே தேடித் திறந்து, வைரஸ் பகுதியில் ‘ஸ்கேன் ஆப்ஷன்ஸ்’ சென்று ‘புல் ஸ்கேன்’ செய்யுங்கள். முழுச் சோதனைக்கு நேரமாகும், பொறுமை வேண்டும். பிடிவாதமான நோயெனில் ‘ஆப்லைன் ஸ்கேன்’ என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். கணிப்பொறி தானே அணைந்து எழுந்து, விண்டோஸ் இயங்கத் தொடங்குமுன்பே சோதிக்கும். ஆகவே செய்துகொண்டிருக்கும் வேலையை முதலில் சேமித்துவிடுங்கள். நம் இந்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரம் என்னும் அமைப்பும் 2017 முதல் இயங்கி, கணிப்பொறியைச் சுத்தம் செய்யும் கருவிகளை இலவசமாக வழங்குகின்றது.

இங்கே ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புப் புதுப்பித்தல்கள் 2025 அக்டோபர் 14-உடன் முடிவடைந்தன. எங்களைப்போல் பழைய கணிப்பொறி வைத்திருப்போர் இதுபற்றி விவரம் தெரிந்தவர்களிடம் ஆலோசனை பெறுவது நல்லது. போலிப் பெட்டியின் பேச்சைக் கேட்டு அன்று. ஆசிரியரிடமோ, நம்பிக்கையான பழுதுபார்ப்பவரிடமோ கேட்டு!

உண்மை எது, போலி எது?

“ஒருவேளை உண்மையாகவே வைரஸ் இருந்து, எச்சரிக்கையும் உண்மையாகவே இருந்தால் என்ன செய்வது?” என்று என் தாயார் கேட்டார். நியாயமான கேள்வி. சிஸ்டர் அதற்கு ஒரு எளிய விதி சொன்னார்கள்: “வந்தவன் காட்டும் கதவு வழியாகப் போகாதே, உன் வீட்டுக் கதவு வழியாகப் போ.” அதாவது, எச்சரிக்கை வந்தால் அதன்மீது அழுத்தாமல், நாமே விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து பார்க்கவேண்டும். உண்மையான நோய் எனில் அங்கேயும் எழுதியிருக்கும். பொய் எனில் அங்கே அமைதியாக இருக்கும்.

மற்றோர் அடையாளமும் உண்டு. “இன்னும் 5 நிமிடத்தில் அனைத்தும் அழிந்துவிடும்” என்று கடிகாரம் ஓடவிடுபவன் போலி. நாம் யோசிக்கக் கூடாது, பிறரிடம் கேட்கக் கூடாது என்பதற்காகவே அந்தக் கடிகாரம். உண்மையான மருத்துவர் யாரும் நோயாளியை யோசிக்க விடாமல் விரட்டுவதில்லை.

பணம் கொடுத்துவிட்டால்?

பணமோ, அட்டை எண்ணோ கொடுத்துவிட்டால் உடனே செய்யவேண்டியவை சில. வங்கிக்கு அழைத்து அட்டையை நிறுத்தச் சொல்லவேண்டும். 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் அளிக்கவேண்டும். இது இணையப் பண மோசடிக்கென நாடு முழுவதற்கும் உரிய உதவி எண். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யலாம். பணம் சென்ற குறுஞ்செய்தி, பரிமாற்ற எண், பெட்டியின் படம் ஆகியவற்றை அழித்துவிடாமல் வைத்திருக்கவேண்டும். யாரேனும் தொலைவிலிருந்தே உங்கள் கணிப்பொறியை இயக்க அனுமதித்திருந்தால், முதலில் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். அவர்கள் போடச்சொன்ன மென்பொருளை நீக்கி, வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். கணிப்பொறி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். ஆகவே புகார் செய்பவர் வெட்கப்படுவதற்கு எதுவுமில்லை, வெட்கப்படவேண்டியவன் வேறொருவன்.

இவற்றுள் மிக முக்கியமானது, ‘உடனே’ என்ற ஒரு சொல். நாங்கள் மூன்று வாரம் கழித்தே சொன்னோம். அம்மா வங்கிக்குப் போய் அட்டையை மாற்றினார், 1930-க்கும் அழைத்தார். அவர்கள் பொறுமையாகக் கேட்டுப் பதிவு செய்துகொண்டு, “அன்றைக்கே கூப்பிட்டிருந்தால் பணத்தை நிறுத்த வாய்ப்பு அதிகமாக இருந்திருக்கும் அம்மா” என்றார்கள். 2,400 ரூபாய் இதுவரை திரும்பவில்லை. ஆனால் அட்டையை நிறுத்திய அடுத்த மாதமே, அதே பெயரில் மறுபடியும் பணம் எடுக்க முயற்சி நடந்து தோல்வியுற்றதாகச் செய்தி வந்தது. இன்னும் சில நாள் வாய்மூடி இருந்திருந்தால்!

முடிவாக

அந்த வாரம் அப்பா வந்தபோது அம்மா எல்லாவற்றையும் சொன்னார். நானும் வினாத்தாள் தேடிய கதையைச் சொன்னேன். அப்பா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “ரோட்டில் இருபது வருஷம் ஓட்டுகிற என்னையே ஏமாற்றியிருக்கிறார்கள். உங்களை ஏமாற்ற முடியாதா? அன்றைக்கே எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே” என்றார். அவ்வளவுதான். மூன்று வாரமாக நாங்கள் அஞ்சி நடுங்கியது இந்த ஒரு பேச்சுக்குத்தானா என்றிருந்தது.

தோழியரே! போலி வைத்தியனுக்கு இரண்டு ஆயுதங்கள். ஒன்று, நம் பயம். அது அவனை உள்ளே அழைக்கின்றது. மற்றொன்று, நம் வெட்கம். அது அவனை உள்ளேயே தங்க வைக்கின்றது. முதலாவதற்கு மருந்து அறிவு: சின்ன எழுத்தைப் படித்தல், அறியாத பக்கத்தில் ‘அல்லோ’ அழுத்தாதிருத்தல், நம் கதவு வழியாகச் சென்று பார்த்தல். இரண்டாவதற்கு மருந்து இன்னும் எளியது: வீட்டிலுள்ளவர்களிடம் வாய்திறந்து சொல்லுதல். பெற்றோர்களே! உங்கள் மகள் அப்படி வந்து சொல்லும் நாளில் ஏசாமல் கேளுங்கள். அவள் மறுமுறையும் வந்து சொல்லுவாள்.

எங்கள் வீட்டுக் கணிப்பொறிக்கு இப்பொழுது எந்த வியாதியும் இல்லை. ஆச்சிதான் இன்னும் நம்பவில்லை. திரையில் எது எழும்பினாலும், “சின்ன எழுத்தைப் படிச்சியாட்டி?” என்று அடுப்படியிலிருந்தே குரல் கொடுக்கின்றார்!